காட்டுப்பூனை: பெயரில் இருக்கும் 'காடு' எது?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம், பிள்ளைப்பாக்கம் பகுதிகளில் குடியிருப்பவர்களின் கண்ணில் சில நேரம் ஒரு விலங்கு படுவதுண்டு. ஃபஜ்ரு தொழுகைக்குக் கிளம்பும் நேரத்திலோ, இரவு ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் திரும்பும் நேரத்திலோ, வேலிக்காத்தான் புதரிலிருந்து வெளியே வந்து சாலையைக் கடந்து மறுபக்கப் புதருக்குள் போய்விடும். பார்க்கப் பூனைதான். ஆனால் வீட்டுப் பூனையைவிட உயரம், கால்கள் நீளம், வால் குட்டை. பெரியவர்களைக் கேட்டால் 'காட்டுப்பூனை' என்பார்கள்.

அந்தப் பெயரைக் கேட்டதும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. சுற்றிலும் தொழிற்சாலைகளும் குடோன்களும் ஆறுவழிச் சாலையும் இருக்கும் இடத்துக்குக் காட்டு விலங்கு எங்கிருந்து வந்தது? இதைப் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டில் விட்டுவிட வேண்டாமா?

இரண்டு கேள்விகளும் பெயரில் உள்ள 'காடு' என்ற சொல்லை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பதிலிருந்து பிறப்பவை. தமிழிலும் ஆங்கிலத்திலும் பிற மொழிகளிலும் இந்த விலங்குக்கு உள்ள பெயர்கள் எங்கிருந்து வந்தன, அவற்றின் பொருள் என்ன என்று பார்த்தால், பதில் தானாகக் கிடைத்துவிடும்.

எந்த விலங்கைப் பற்றிப் பேசுகிறோம்?

ஆங்கிலத்தில் 'ஜங்கிள் கேட்' என்றும், அறிவியலில் 'ஃபீலிஸ் சாவுஸ்' என்றும் அழைக்கப்படும் பூனை இது. எகிப்தின் நைல் நதிக்கரையிலிருந்து துருக்கி, ஈராக், ஈரான், மத்திய ஆசியா, இந்தியா, இலங்கை வழியாகத் தென்கிழக்கு ஆசியா வரை வாழ்கிறது. இந்தியாவில் பரவலாகக் காணப்படும் சிறிய காட்டுப் பூனையினம் இதுதான்.

அடையாளங்கள் எளியவை. உடல் மணல் நிறமாகவோ சாம்பல் கலந்த பழுப்பாகவோ இருக்கும். வளர்ந்த பூனையின் உடலில் புள்ளிகள் இராது. கால்களில் மட்டும் மங்கலான பட்டைகள் தெரியும். காதுகள் நிமிர்ந்து, நுனியில் சிறிய கறுப்பு மயிர்க்குஞ்சத்துடன் இருக்கும். வாலின் கடைப்பகுதியில் கறுப்பு வளையங்களும் நுனியில் கறுப்பும் உண்டு.

இதன் முதன்மை உணவு எலி. பறவை, முயல், ஓணான், பாம்பு, தவளை ஆகியவற்றையும் பிடிக்கும். ராஜஸ்தானின் சரிஸ்கா காட்டில் நடந்த ஆய்வு ஒன்று, ஒரு காட்டுப்பூனை நாளொன்றுக்கு 3 முதல் 5 எலிகள் வரை தின்கிறது என்று மதிப்பிட்டது. அப்படியானால் ஓர் ஆண்டில் ஒரே பூனை ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தின்கிறது.

'காடு' என்றால் அடர்ந்த வனம் மட்டுமா?

இன்று 'காடு' என்றதும் முதுமலையும் களக்காடும் மனதில் வருகின்றன. உயர்ந்த மரங்கள், யானை, புலி என்று ஒரு படம் தோன்றுகிறது. ஆனால் தமிழில் காடு என்ற சொல்லின் எல்லை இதைவிட மிகப் பெரியது.

கிராமத்தில் ஒருவர் 'காட்டுக்குப் போய்விட்டு வருகிறேன்' என்றால் அவர் தன் நிலத்துக்குப் போகிறார் என்று பொருள். சோளக்காடு, கடலைக்காடு, பருத்திக்காடு என்று சொல்கிறோம். அவையெல்லாம் பயிர் விளையும் இடங்கள். 'காட்டு வேலை' என்றால் வயல் வேலை. சுடுகாட்டில் மரமே இருக்க வேண்டியதில்லை. ஆக, ஊரின் வீடுகளுக்கு அப்பால் விரியும் வெளி முழுவதற்கும் தமிழர் வைத்த பொதுப்பெயர் காடு. அதற்குள் மேய்ச்சல் தரையும், முட்புதரும், மானாவாரி நிலமும், தோப்பும், வனமும் அடங்கும்.

நம் பகுதி ஊர்ப்பெயர்களிலேயே இது தெரிகிறது. மாங்காடு, திருவேற்காடு என்பவை செம்பரம்பாக்கம் ஏரிக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் ஊர்கள். கார் தொழிற்சாலையால் உலகம் அறிந்த இருங்காட்டுக்கோட்டையின் பெயருக்குள்ளும் காடு இருக்கிறது. 'இரும்' என்ற பழைய அடைமொழிக்குப் பெரிய என்று பொருள். மேற்கே போனால் ஆற்காடு. இந்தப் பெயர்கள் பிறந்தபோது இங்கே இருந்தவை முதுமலை போன்ற வனங்கள் அல்ல. களா, காரை, ஈச்சை, பனை, சூரை என்று இடுப்பளவும் ஆளுயரமும் வளரும் புதர்களும், இடையிடையே மரக்கூட்டங்களும், ஏரிகளும் கொண்ட வறண்ட சமவெளி.

காட்டுப்பூனையின் 'காடு' இதுதான். ஊரை ஒட்டிய புதர்வெளியில் திரியும் பூனை என்பதே பெயரின் பொருள். வனத்தின் ஆழத்தில் வாழும் பூனை என்று அதற்கு அர்த்தமில்லை.

'ஜங்கிள்' என்ற சொல்லின் பயணம்

ஆங்கிலப் பெயருக்கும் இதே கதை நேர்ந்திருக்கிறது. 'ஜங்கிள்' ஆங்கிலேயர்கள் இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்ட சொல். இந்தியிலும் உருதுவிலும் 'ஜங்கல்' என்கிறோம். அதன் மூலம் 'ஜாங்கல' என்ற வடமொழிச் சொல்.

பழைய ஆயுர்வேத நூல்கள் நிலத்தை மூன்றாகப் பிரித்தன. நீர் நிறைந்த சதுப்பு நிலம் 'ஆனூபம்'. வறண்ட, காற்றோட்டமான, முட்செடிகள் பரவலாக வளரும் திறந்த நிலம் 'ஜாங்கலம்'. இரண்டுக்கும் இடைப்பட்டது 'சாதாரணம்'. ஆக, ஜங்கிள் என்ற சொல்லின் வேர்ப்பொருள் இன்று நாம் நினைக்கும் ஈரமான அடர்ந்த காட்டுக்கு நேர் எதிரானது.

காலப்போக்கில் இந்தச் சொல் 'உழப்படாத நிலம்' என்றாகி, பிறகு 'புதர் மண்டிய நிலம்' என்றாகியது. 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபின் மெல்ல மெல்ல 'நுழைய முடியாத அடர்ந்த காடு' என்ற பொருளைப் பெற்றது. 1894-ல் வெளிவந்த ருட்யார்ட் கிப்ளிங்கின் 'ஜங்கிள் புக்' போன்ற கதைகள் அந்தப் பொருளை உலகம் முழுக்க நிலைநிறுத்தின. நம் பிள்ளைகள் கார்ட்டூனில் பார்க்கும் ஜங்கிள் அதுதான்.

அதனால்தான் 'ஜங்கிள் கேட்' என்று பாடப்புத்தகத்தில் படிக்கும் பிள்ளை, அமேசான் போன்ற இடத்தில் அந்தப் பூனையைத் தேடுகிறது. ஆனால் அடர்ந்த மழைக்காடு இந்தப் பூனைக்கு ஏற்ற இடமே அல்ல. சொல்லின் பழைய பொருள்தான் சரி: இது ஜாங்கலத்தின் பூனை, வறண்ட புதர்வெளியின் பூனை.

தொழிற்சாலை விடுதிகளில் நம்மோடு வேலை செய்யும் பீகார், உத்தரப் பிரதேசத் தோழர்களும், உருது பேசும் நம் வீட்டாரும் இதை 'ஜங்லி பில்லி' என்பார்கள். வங்காளத்திலும் ஒடிசாவிலும் வனம் என்ற சொல்லையும் பூனை என்ற சொல்லையும் சேர்த்தே பெயர் சொல்கிறார்கள்.

வேறு நாடுகளில் இது 'நாணல் பூனை'

மேற்கே போகப் போகப் பெயர் மாறுகிறது. துருக்கி மொழியில் இதன் பெயர் 'சாஸ் கெதிசி'. 'சாஸ்' என்றால் நாணல், 'கெதி' என்றால் பூனை. ரஷ்ய மொழியிலும் ஜெர்மன் மொழியிலும் உள்ள பெயர்களுக்கும் இதே பொருள்தான்: நாணல் பூனை. ஆங்கிலத்திலேயே நாணல் பூனை, சதுப்புப் பூனை என்ற மாற்றுப் பெயர்கள் உண்டு.

காரணம் எளிது. அந்த நாடுகளில் மக்கள் இதை ஆற்றங்கரை நாணல்களிலும் ஏரிச் சதுப்புகளிலும் பார்த்தார்கள். இந்தியாவில் புதரில் பார்த்தார்கள். இரண்டுமே உண்மை. உடல் மறையும் அளவுக்கு உயரமான புல்லும், பக்கத்தில் நீரும், எலியும் பறவையும் இருந்தால் போதும், இந்தப் பூனை அங்கே வாழ்ந்துவிடும்.

இப்போது நம் பகுதியை நினைத்துப் பாருங்கள். பழைய செங்கல்பட்டு, காஞ்சிபுரம் சீமைக்கு 'ஏரி மாவட்டம்' என்றே பெயர். செம்பரம்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், ஒரகடம் என்று ஏரிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றின் நீர்ப்பிடிப்பில் கோரையும் சம்பும் நாணலும் வளர்கின்றன. ஏரிக்கு மேலே மேட்டு நிலத்தில் முட்புதர். ஏரிக்குக் கீழே நெல் வயல், அதில் எலி. துருக்கியர் சொன்ன நாணலும் நாம் சொன்ன காடும் ஒரே இடத்தில் அமைந்திருக்கின்றன.

'சாவுஸ்': ஆள் மாறிய அறிவியல் பெயர்

அறிவியல் பெயரின் கதை வேறு. ரிகா நகரில் பிறந்த யோஹான் அன்டன் கில்டென்ஸ்டெட் என்ற இயற்கையியலாளர், ரஷ்யப் பேரரசின் அறிவியல் கழகத்துக்காகக் காக்கசஸ் மலைப்பகுதிகளில் பல ஆண்டுகள் பயணம் செய்தார். அங்கே டெரெக் ஆற்றின் அருகே கிடைத்த பூனையை 1776-ஆம் ஆண்டு விவரித்து, அதற்குச் 'சாவுஸ்' என்று பெயரிட்டார்.

அந்தச் சொல்லை அவர் ரோமானிய எழுத்தாளர் பிளினியின் பழைய நூலிலிருந்து எடுத்தார். பிளினி அந்தப் பெயரால் குறித்த விலங்கோ ஓநாய் வடிவமும் சிறுத்தைப் புள்ளிகளும் கொண்டது. ரோமில் பாம்பே என்ற தளபதி நடத்திய காட்சிகளில் காட்டப்பட்டது. லின்க்ஸ் வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்பர். நம் பூனைக்கோ உடலில் புள்ளியே கிடையாது. புள்ளி உள்ள விலங்கின் பெயர், புள்ளி இல்லாத பூனைக்குப் போய்ச் சேர்ந்து, 250 ஆண்டுகளாக நிலைத்துவிட்டது.

அறிஞர்கள் வைத்த பெயர் ஆள் மாறிவிட்டது. ஊர் மக்கள் வைத்த பெயர்களோ அது வாழும் இடத்தைச் சரியாகச் சொல்கின்றன.

'வெருகு': சங்க காலத் தமிழ்ப் பெயர்

'காட்டுப்பூனை' என்பது விளக்கிச் சொல்லும் பெயர். அதற்கு முன்பே தமிழில் இதற்கென்று தனிச்சொல் இருந்தது. அதுதான் 'வெருகு'.

தொல்காப்பியத்தின் மரபியல், எந்த விலங்கின் இளமைக்கு எந்தப் பெயர் வரும் என்று வகுக்கும் இடத்தில் வெருகைக் கீரி, எலி, அணில் ஆகியவற்றோடு சேர்த்து, இவற்றின் இளமைப் பெயர் 'குட்டி' என்கிறது. புறநானூற்றின் 117-ஆம் பாடலில் கபிலர், முல்லை அரும்புகளை வெருகுக் குட்டியின் கூரிய பற்களுக்கு ஒப்பிடுகிறார்.

நம் பொருளுக்கு மிக நெருக்கமானது குறுந்தொகையின் 139-ஆம் பாடல். ஒக்கூர் மாசாத்தியார் என்ற பெண்பாற் புலவர் பாடியது. மாலை நேரம். வீட்டு வேலியருகே வெருகுகள் வந்துவிட்டன. அதைக் கண்ட வீட்டுக் கோழி, குஞ்சுகளை ஒன்றுசேர்க்கத் துடித்துக் கூவுகிறது. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய இந்தக் காட்சியில் பூனை நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். அது வீட்டு வேலியின் ஓரம்.

சங்க இலக்கியம் நிலத்தை ஐந்தாகப் பிரித்தபோது, காடும் காடு சார்ந்த இடமும் முல்லை என்றது. முல்லை என்பது ஆடு மாடு மேயும் நிலம், வரகும் தினையும் விளையும் நிலம், ஆயர் வாழும் நிலம். சொல்லப்போனால் அதுவே மேலே பார்த்த 'காடு'.

'வெரு' என்றால் அச்சம் என்பதால், அச்சம் தருவது வெருகு என்று சிலர் விளக்குவதுண்டு. ஒலி ஒற்றுமையால் தோன்றும் விளக்கம் அது. உறவு மொழிகளைப் பார்த்தால் சொல் வேறு கதை சொல்கிறது. தமிழில் 'வ' என்று தொடங்கும் சொற்கள் பல கன்னடத்தில் 'ப' என்று தொடங்கும். நம் வேர் அங்கே பேரு, நம் வில் அங்கே பில்லு. அதே வழியில் நம் வெருகு கன்னடத்தில் 'பெர்க்கு' என்றிருந்து, இன்று 'பெக்கு' என்றாகி, வீட்டுப் பூனையைக் குறிக்கிறது. மலையாளத்தில் 'வெருகு' புனுகுப்பூனையைக் குறிக்கிறது. ஜார்க்கண்டின் ஒராவோன் மக்கள் பேசும் குருக் மொழியில் பூனைக்குப் பெயர் 'பெர்க்கா'. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி இவற்றையெல்லாம் ஒரே குடும்பமாகக் காட்டுகிறது.

ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்து நம் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருக்கும் ஓர் ஒராவோன் தொழிலாளியின் வீட்டுச் சொல்லும் கபிலரின் சொல்லும் ஒரே வேரில் முளைத்தவை. நமக்கோ அந்தச் சொல் பேச்சிலிருந்து நழுவிவிட்டது.

பூசை, பில்லி, ஹுரைரா

பூனைக்குத் தமிழில் 'பூசை' என்றும் பழைய பெயருண்டு. அதன் உறவான 'பூச்ச' இன்றும் மலையாளத்தில் வாழ்கிறது. தெலுங்கில் 'பில்லி'. காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பகுதிகளில் தெலுங்கு பேசும் குடும்பங்களில் இந்தச் சொல்லைக் கேட்கலாம்.

அரபியில் பூனைக்குக் 'கித்', 'ஹிர்', 'சின்னவ்ர்' என்று பல பெயர்கள். பெண்பூனை 'ஹிர்ரா'. அதன் செல்லமான சிறுமை வடிவம் 'ஹுரைரா', அதாவது பூனைக்குட்டி. நபித்தோழர் அபூஹுரைரா (ரலி) அவர்களின் பெயர் நம் எல்லோருக்கும் தெரியும். அது அவர்களுக்கு இடப்பட்ட சிறப்புப் பெயர். பூனைக்குட்டி ஒன்றை அன்போடு வைத்திருந்ததால் வந்தது. இயற்பெயர் அப்துர் ரஹ்மான் என்று பெரும்பாலான அறிஞர்கள் குறிப்பிடுகிறார்கள்.

எகிப்திய அறிஞர் அத்தமீரி, 14-ஆம் நூற்றாண்டில் விலங்குகளைப் பற்றி 'ஹயாத்துல் ஹயவான்' என்ற பெருநூலை எழுதினார். அதில் பூனையை வீட்டுப் பூனை, காட்டுப் பூனை, 'ஸபாத்' என்னும் வாசனைப் பொருள் தரும் பூனை என்று மூன்றாகப் பிரிக்கிறார். மூன்றாவது நம் புனுகுப்பூனை. அதன் ஆங்கிலப் பெயரான 'சிவெட்' இந்த ஸபாத் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. தமிழின் வெருகு மலையாளத்தில் புனுகுப்பூனையானதையும் இதையும் சேர்த்துப் பார்த்தால், பழைய மக்கள் இந்த விலங்குகளை ஒரே கூட்டமாக எண்ணியது விளங்கும்.

பெயர் மாறினால் வரும் ஆபத்து

இன்று அந்தக் குழப்பம் விளையாட்டல்ல. தவறான பெயர் ஒரு விலங்கின் உயிரைப் பறிக்கக்கூடும், ஒரு தெருவின் தூக்கத்தையும் கெடுக்கக்கூடும். நம் பகுதியில் மாற்றிச் சொல்லப்படக்கூடியவை இவை:

சிறுத்தைக்குட்டி: காட்டுப்பூனை வளர்ந்தபின் உடலில் புள்ளி இராது. ஆனால் குட்டியாக இருக்கும்போது உடலில் பட்டைகளும் புள்ளிகளும் தெரியும். புல் வெட்டும்போதோ, கரும்பு அறுக்கும்போதோ, மனையைச் சுத்தம் செய்யும்போதோ இத்தகைய குட்டிகள் கிடைத்தால், படம் எடுத்துச் 'சிறுத்தைக்குட்டி' என்று பரப்பிவிடுவது எளிது. பிறகு தாய்ச்சிறுத்தை எங்கே என்று ஊரே தடியோடு தேடும்.

மரநாய்: ஓட்டு வீட்டுக் கூரையிலும் பனைமரத்திலும் ஏறும், நீண்ட வாலுடைய விலங்கு மரநாய். பெயரில் நாய் இருந்தாலும் அது நாய் அல்ல, பூனையும் அல்ல. புனுகுப்பூனையின் இனம். வால் உடலளவுக்கு நீளமாக இருந்தால் அது காட்டுப்பூனை அல்ல என்று உறுதியாகச் சொல்லலாம்.

துருநிறப் புள்ளிப் பூனை: உலகின் மிகச் சிறிய காட்டுப் பூனையினங்களில் ஒன்று. ஒன்றரைக் கிலோவைத் தாண்டுவது அரிது. உடலில் துருப்பிடித்த நிறத்தில் புள்ளி வரிசைகள் இருக்கும். இதை அறிவியல் உலகம் முதலில் அறிந்தது நம் பக்கத்துப் புதுச்சேரியிலிருந்து கிடைத்த மாதிரியால்தான். 1831-ஆம் ஆண்டு பிரெஞ்சு விலங்கியலாளர் இசிதோர் ஜெஃப்ராய் செயிண்ட் ஹிலேர் அதற்குப் பெயரிட்டார். வளர்ந்த பூனையே வீட்டுப் பூனைக்குட்டி அளவில் இருப்பதால், குட்டி என்று எண்ணி வீட்டுக்குத் தூக்கி வர வாய்ப்புண்டு.

வீட்டுப் பூனை: சாம்பல் நிற வீட்டுப் பூனை சில நேரம் காட்டுப்பூனை போலவே தோன்றும். கால் உயரம், காது நுனிக் குஞ்சம், குட்டை வால் ஆகிய மூன்றையும் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

காட்டுக்கு வேறு பெயர் வைத்தபோது

பெயரின் சிக்கல் விலங்கோடு நிற்பதில்லை, நிலத்திலும் தொடர்கிறது. முன்னோர் 'காடு' என்று சொன்ன புதர்வெளிக்கு வருவாய்த்துறை ஏடுகளில் தரிசு, மேய்க்கால் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு என்று பெயர்கள் உண்டு. 'தரிசு' என்று எழுதப்பட்டதும் அங்கே எதுவும் இல்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அங்கே எலி, முயல், கவுதாரி, கீரி, நரி, வெருகு எல்லாம் இருப்பது அந்தச் சொல்லில் தெரிவதில்லை.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012-ல் டைம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று தொழிற்சாலைகள் தொடர்ந்தன. சிப்காட் பூங்காக்கள் ஒரகடம், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் என்று விரிந்தன. பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு இதனால் எரிகிறது. இந்தக் கட்டுரையைப் படிக்கும் பலரின் வீட்டு வருமானமும் இங்கிருந்துதான் வருகிறது. அதைக் குறை சொல்வது நோக்கமல்ல.

ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். காட்டுப்பூனை எங்கிருந்தோ வழிதவறித் தொழிற்பேட்டைக்குள் வரவில்லை. அதன் வீட்டுக்குள்தான் தொழிற்பேட்டை வந்திருக்கிறது. இன்னும் கட்டப்படாத மனைகளும், சுற்றுச்சுவரை ஒட்டிய புதர்களும், ஏரிக்கரைகளும், கால்வாய் ஓரங்களும் அதற்கு எஞ்சியிருக்கும் காடு. பிடித்துக் கொண்டுபோய் மலைக்காட்டில் விட்டால், பழக்கமில்லாத இடத்தில், தன்னைவிடப் பெரிய வேட்டை விலங்குகளுக்கு நடுவில் அது பிழைப்பது கடினம். பெயரில் 'காடு' இருப்பதால் அதை நாடுகடத்தத் தேவையில்லை. இந்த ஊர்தான் அதன் ஊர்.

நம் வீடுகளில் செய்யக்கூடியவை

முதலில், இந்தப் பூனையால் மனிதருக்கு என்ன ஆபத்து? தானாக வந்து மனிதரைத் தாக்கும் விலங்கல்ல இது. ஆளைக் கண்டதும் ஓடிவிடும். மூலையில் மடக்கினாலோ கையால் பிடிக்க முயன்றாலோ கடிக்கும், பிராண்டும். எந்தக் காட்டு விலங்கு கடித்தாலும் காயத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு நன்றாகக் கழுவி, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

கோழி வளர்ப்பவர்களின் கவலை உண்மையானது. ஒக்கூர் மாசாத்தியார் காலத்திலிருந்தே இருக்கும் கவலை அது. அதற்குத் தீர்வு விஷமோ கண்ணியோ அல்ல. மஃரிபுக்கு முன்பே கோழிகளைக் கூட்டில் அடைத்து, கதவுக்குக் கொக்கி போட வேண்டும். கூட்டின் அடியில் தோண்டி நுழைய முடியாதபடி கல் பாவலாம். கம்பி வலையின் கண்கள் சிறியவையாக இருக்கட்டும்.

எலிக்கு வைக்கும் விஷத்தில் கவனம் தேவை. விஷம் தின்ற எலியைப் பூனை தின்றால் பூனையும் சாகும். எலி பிடிக்கும் பூனையைக் கொன்றுவிட்டால், அடுத்த மாதம் எலி இன்னும் பெருகும். கேன்டீன் கழிவையும் வீட்டுக் குப்பையையும் மூடி வைத்தாலே எலியின் எண்ணிக்கை குறையும்.

புல்வெளியில் குட்டிகளைக் கண்டால் தொடாதீர்கள். தாய் பெரும்பாலும் அருகில்தான் இரை தேடிக்கொண்டிருக்கும். ஆட்களையும் நாய்களையும் விலக்கி, அந்த இடத்தில் வேலையை ஒரு நாள் நிறுத்தினால், இரவுக்குள் தாய் வந்து குட்டிகளைக் கவ்விக்கொண்டு இடம் மாறிவிடும். குட்டிக்குக் காயம் இருந்தாலோ, தாய் இறந்துகிடந்தாலோ வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

அழகாக இருக்கிறது என்று வீட்டில் வளர்க்கக் கூடாது. காட்டுப்பூனை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகிறது. கொல்வதும் பிடிப்பதும் அடைத்து வைப்பதும் குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்க, ஒரு பூனையை அடைத்து வைத்து, உணவும் தராமல், பூமியில் உள்ளதைத் தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் அதற்காகத் தண்டிக்கப்பட்டதை நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தியைச் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தானே இரை தேடித் தின்னும் உரிமை அங்கே தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. காட்டுப்பூனை நம்மிடம் சோறு கேட்பதில்லை. அந்த உரிமை ஒன்றைத்தான் வேண்டி நிற்கிறது.

இரவில் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலும் ஏரிக்கரைச் சாலைகளிலும் போகும்போது, புதர் இருபுறமும் இருக்கும் இடங்களில் வேகத்தைக் குறையுங்கள். வண்டி விளக்கில் இரண்டு கண்கள் மின்னினால், ஹாரன் அடித்து மிரட்டாமல் அது கடந்து போக விடுங்கள். மிரண்டால் அது எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. இருசக்கர வண்டியில் போகும் நமக்கும் அது ஆபத்து.

கடைசியாக, குழுவில் படம் வந்தால் பரப்புவதற்கு முன் பெயரைச் சரிபாருங்கள். உடலில் புள்ளி உண்டா, வால் எவ்வளவு நீளம், காது நுனியில் குஞ்சம் இருக்கிறதா என்று மூன்று கேள்விகள் கேட்டால் போதும். பிள்ளைகள் கேட்டால், 'இது வெருகு, நமக்கு முன்பிருந்தே இந்த ஊரில் இருப்பது' என்று சொல்லிக் கொடுங்கள். பெயர் தெரிந்த விலங்கின் மேல் கல்லெறியப் பிள்ளைகளின் கை அவ்வளவு எளிதில் ஓங்காது.